இரண்டு பக்கமும் தோண்டிப் போட்ட சாலை

கேள்வி: ஐயா, நான் நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளர். குடியாத்தம் பக்கம் ஒரு மாவட்ட முக்கியச் சாலையை 5.5 மீட்டரிலிருந்து 7 மீட்டராக அகலப்படுத்தும் வேலை என் பொறுப்பில் இருக்கிறது. நீளம் 6.4 கி.மீ. அதில் 1.2 கி.மீ. கடைவீதி, அங்கே இரண்டு பக்கமும் கால்வாய் கட்ட வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு பக்கம் புளியமரங்கள், மறுபக்கம் புறம்போக்கு. 12 மாத ஒப்பந்தத்தில் 5 மாதம் போய்விட்டது, அதில் பாதி மழை. 38 மின்கம்பங்களில் ஒன்றுகூட நகரவில்லை. கான்ட்ராக்டர் கடைவீதியின் இரண்டு பக்கமும் தோண்டிப் போட்டுவிட்டு, "கம்பத்தை எடுத்துக் கொடுங்க, அப்புறம் வரேன்" என்று வண்டிகளை வேறு வேலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வியாபாரிகள் மறியல் செய்வோம் என்கிறார்கள். மார்ச் வருவதால் மேலிடத்தில் தினமும் "எத்தனை பர்சென்ட்?" என்ற கேள்வி. ஊருக்கு வெளியே முதலில் தார் போட்டுக் கணக்குக் காட்டலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது? ஊர்ப் பெயரும் என் பெயரும் வேண்டாம்.

பதில்:

அம்மா,

உங்கள் கடிதத்தில் கம்பம் எத்தனை, மாதம் எத்தனை, கிலோமீட்டர் எத்தனை என்று எல்லாக் கணக்கும் இருக்கிறது. பள்ளம் எத்தனை அடி ஆழம் என்பது மட்டும் இல்லை. அகலப்படுத்துகிற வேலை என்றால் குறைந்தது இரண்டரை அடி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் சேர்த்தால் 2.4 கி.மீ. பள்ளம், கடைவாசலை ஒட்டி, ராத்திரியில் திறந்து கிடக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்களே, அங்கிருந்துதான்.

முதலில் ஒரு பக்கத்தை மூடுங்கள். எந்தப் பக்கம்? கம்பம் அதிகமாக நிற்கிற பக்கம். அந்தப் பக்கத்தில் எப்படியும் இன்னும் இரண்டு மாதத்துக்கு வேலை நடக்காது. திறந்து வைத்திருந்து யாருக்கும் லாபமில்லை. கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, கடைக்காரர் தன் வண்டியை வாசலில் நிறுத்துகிற அளவுக்காவது சமன் செய்துவிடுங்கள். செலவு யாருடையது என்று கான்ட்ராக்டர் கேட்பார். கம்பம் நகராமலேயே தோண்டியது அவர் முடிவு என்றால் செலவும் அவருடையதுதான். உங்கள் அலுவலகம் வாய்மொழியாகத் தோண்டச் சொல்லியிருந்தால், அதை மறைக்காமல் மேலே எழுதிவிடுங்கள். எதுவாக இருந்தாலும், வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்ட பொறுப்பு. "24 மணி நேரத்தில் தடுப்பு வைக்க வேண்டும், ஒரு வாரத்தில் மூட வேண்டும், தவறினால் துறையே செய்து உங்கள் பில்லில் பிடித்துக்கொள்ளும்" என்று இன்றைக்கே ஒரு கடிதம் போகட்டும். நகல் உங்கள் உதவிக் கோட்டப் பொறியாளருக்கு. தடுப்பு என்றால் நாலு கல்லை வைத்து மேலே முள்ளைப் போடுவது இல்லை. வேலையிடப் பாதுகாப்புக்கென்றே, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் எஸ்.பி. 55 என்று தனி நெறிமுறை வைத்திருக்கிறது. அதில் சொன்னபடி முன்னெச்சரிக்கைப் பலகை, ஒளிரும் பட்டை ஒட்டிய தடுப்பு, ராத்திரியில் விளக்கு எல்லாம் வேண்டும்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாகப் பேசக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் எனக்கும் இதே மாதிரி ஒரு வேலை, வேலூரை அடுத்த அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம். கான்ட்ராக்டர் கேட்டார், இரண்டு பக்கமும் தோண்ட நான்தான் சரி என்றேன். விடியற்காலை நாலரை மணிக்குப் பால்காரர் ஒருவர் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி, சைக்கிளோடு பள்ளத்தில் போய்விட்டார். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு கேனும் பள்ளத்தில் கிடந்தன, செம்மண் வெள்ளையாக நுரைத்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் தோண்டியிருந்தால் அவர் மறுபக்கம் ஒதுங்கியிருப்பார். அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்குத்தான்: ஒரு சமயத்தில் ஒரு பக்கம், ஒரு நாளில் எவ்வளவு நீளத்துக்கு நிரப்ப முடியுமோ அவ்வளவு நீளம்.

சரி, கம்பத்துக்கு வருவோம்.

2022-ல் வேலூரில் நடந்தவை உங்களுக்கு நினைவிருக்கும். தெருவில் நின்றிருந்த பைக்கை நகர்த்தாமல் அதன் சக்கரத்தையும் சேர்த்துக் கான்கிரீட் போட்டார்கள். சத்துவாச்சாரியில் கைப்பம்பை அப்படியே நடுவில் விட்டுக் கால்வாய் கட்டினார்கள். நாடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். கான்கிரீட் போடுகிறவருக்கு ஒப்பந்தப் பட்டியலில் இத்தனை கன மீட்டர் என்று ஒரு வரி இருக்கிறது. கைப்பம்பை எடுப்பதற்கு வரியே இல்லை. அது ஊராட்சியுடையதா, மாநகராட்சியுடையதா, குடிநீர் வாரியத்துடையதா என்று தேடுகிற வேலை யாருடையதும் இல்லை. அகலப்படுத்தும் சாலையில் நடுவில் இருப்பதெல்லாம் நம்முடையது. ஓரத்தில் நிற்பதெல்லாம் அடுத்தவருடையது. கம்பம் மின்வாரியத்துடையது, குழாய் குடிநீர் வாரியத்துடையது, தெருவிளக்கு ஊராட்சியுடையது, கேபிள் தொலைபேசிக்காரர்களுடையது, படிக்கட்டு கடைக்காரருடையது, மரத்துக்கு வருவாய்த் துறையைக் கேட்க வேண்டும். ஆளில்லாத இந்தச் சாமான்களுக்கெல்லாம் ஆள் நீங்கள்தான் என்று எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்தால்தான் இந்தச் சாலை முடியும். தார் போடுவதைக் கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்.

38 கம்பம் என்கிறீர்கள். அந்த எண்ணிக்கை எப்போது எடுத்தது? மதிப்பீடு போட்டபோது எடுத்தது என்றால் மறுபடி எண்ணுங்கள். மின்வாரிய உதவிப் பொறியாளருக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு அவரை வரச் சொல்லி, கூடவே அவருடைய லைன்மேனையும் அழைத்துக்கொண்டு, கடைவீதி முழுக்க நடந்து போங்கள். கையில் பெயின்ட் டப்பா இருக்கட்டும். ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு எண் எழுதி, பக்கத்தில் ஒரு குறி: உயர் அழுத்தமா, தாழ்வழுத்தமா, வெறும் விளக்குக் கம்பமா, டிரான்ஸ்பார்மரா. அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கால்வாயின் வெளிவிளிம்பு எங்கே வரும் என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட வேண்டும். கோடு இல்லாமல் கம்பத்தை நகர்த்தச் சொன்னால், அவர்கள் வசதியான இடத்தில், அதாவது சரியாக உங்கள் கால்வாய் வரும் இடத்தில் நட்டுவிட்டுப் போவார்கள். ஒரே கம்பத்துக்கு இரண்டு முறை பணம் கட்டிய வேலைகளை நான் பார்த்திருக்கிறேன். இப்படி நடந்து பார்த்தால் 38-ல் சில கம்பம் தொந்தரவே இல்லாத இடத்தில் நிற்பது தெரியவரும். அவற்றை விட்டுவிடுங்கள்.

கம்பம் நகர்த்த மின்வாரியத்துக்கு நம் துறை டெபாசிட் கட்டிவிட்டதா, கட்டியது முழுத் தொகையா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். பல இடத்தில் தாமதம் மின்வாரியத்தில் இருக்காது. நம் அலுவலகத்தில் ஒரு திருத்திய மதிப்பீடு கையெழுத்தாகாமல் கிடக்கும். பணம் போய்ச் சேர்ந்த பிறகு, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துகிற நாள் எது என்று கேளுங்கள். அந்த நாளில்தான் கம்பி மாற்ற வேண்டும். புதுக் கம்பம் நடுவது, கான்கிரீட் போடுவது எல்லாம் அதற்கு முன்பே மின்சாரம் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். எப்படியும் கரண்ட் போகிற நாள் என்பதால் கடைக்காரர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டு பராமரிப்பு நாளில் ஒரு கடைவீதி முடிந்துவிடும். டிரான்ஸ்பார்மர் கடைசியில், அதன் மேடையை மட்டும் முதலிலேயே கட்டி ஆற விட்டுவிடுங்கள்.

தண்ணீர்க் குழாயைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அதுதான் எனக்குக் கவலை. ஊர்க் குழாய் ஒன்று, அதன் பக்கத்தில் பழைய குழாய் ஒன்று, சில ஊர்களில் மேட்டூரிலிருந்து வருகிற காவிரிக் கூட்டுக் குடிநீரின் குழாய் ஒன்று என்று மண்ணுக்குள் மூன்று தலைமுறை படுத்திருக்கும். வரைபடத்தை நம்பாதீர்கள். ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர் என்று ஒருவர் இருப்பார். வால்வு எங்கே, எங்கே ஒட்டுப் போட்டது, எந்த வீட்டுக் கல்யாணத்தின்போது குழாய் உடைந்தது என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரை ஒரு டீக்கடையில் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசவிட்டு, அவர் சொன்ன இடங்களில் கடப்பாரையால் சோதனைக் குழி எடுத்துப் பாருங்கள். ஜே.சி.பி. அதற்கு அப்புறம்தான் வர வேண்டும். குழாய் உடைந்து மூன்று நாள் தண்ணீர் நின்றால், மறியலுக்கு வியாபாரிகள் தேவையில்லை. குடத்தோடு பெண்களே வந்து உட்காருவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

அப்புறம் நிலம். சர்வேயரையும் கிராம நிர்வாக அலுவலரையும் வைத்துக்கொண்டு, புல வரைபடத்தின்படி சாலைப் புறம்போக்கு எது, பட்டா எது என்று கல் நட்டுவிடுங்கள். புறம்போக்கில் நீட்டிய ஷெட்டுக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அவகாசம் தந்தால் பெரும்பாலும் அவர்களே பிரித்துக்கொள்வார்கள், தகரமாவது மிஞ்சும். பட்டா நிலத்தில் ஒரு அடி தேவைப்பட்டாலும் 2001-ம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் 15-ம் பிரிவின்படி உரிமையாளருக்கு அறிவிப்பு, அவருடைய ஆட்சேபணையைக் கேட்பது, அரசிதழ் என்றுதான் போக வேண்டும். இழப்பீடு 2013 மத்திய நில எடுப்புச் சட்டத்தின் கணக்கு. சந்தை மதிப்புக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகையும் சேரும். "ஊருக்கு நல்லது நடக்குது, எடுத்துக்கங்கம்மா" என்று பெரியவர் ஒருவர் வாய்வார்த்தையாகச் சொல்வார். மனசார சொல்வார். எடுத்துவிடாதீர்கள். அவர் காலத்துக்குப் பிறகு அவர் மகன்கள் நீதிமன்றத்துக்குப் போவார்கள். தானமாகத் தருகிறார் என்றால் பத்திரம் பதிவாகட்டும். ஒரு 40 மீட்டருக்கு நிலம் கிடைக்கவே கிடைக்காது என்றால் மொத்த வேலையையும் அதற்காக நிறுத்தாதீர்கள். அந்த இடத்தில் மையக் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தவோ, ஓரத்தைக் குறைக்கவோ வடிவமைப்பில் மாற்றம் கேட்டு அனுமதி வாங்கி, எச்சரிக்கைப் பலகை வைத்துக் கடந்து போகலாம். சாலை ஓர அம்மன் கோயில் ஏதாவது குறுக்கே இருந்தால், ஊர்ப் பெரியவர்களே பாலாலயம் செய்து சாமியை இடம் மாற்றித் தருகிற வரை காத்திருங்கள். குடியாத்தம் பக்கம் என்பதால் இன்னொன்று: கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் சுற்றுவட்டாரத்தில் ஆளும் கிடைக்காது, சாலையும் காலியாக இருக்காது. உங்கள் வேலைத் திட்டத்தில் அந்த நாட்களை இப்போதே அடித்துவிடுங்கள்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. ஊருக்கு வெளியே முதலில் தார் போடலாமா? போடலாம். போடத்தான் வேண்டும், தையிலிருந்து சித்திரை வரைக்கும்தான் நமக்குக் காய்ந்த காலம். ஆடி ஆவணியில் சாயங்கால இடி மழை வந்துவிடும். ஆனால் மார்ச் 31-க்காகப் போடாதீர்கள். மார்ச் மாதத்து ரோடு என்று நம் துறையிலேயே கிண்டலாக ஒரு பேச்சு உண்டு. ஐப்பசியில் அது யாருடைய ரோடு என்று தெரிந்துவிடும்.

வெளியே இன்னும் தோண்டவில்லை என்று நினைக்கிறேன். மதிப்பீட்டில் இரண்டு பக்கமும் முக்கால் மீட்டர், முக்கால் மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அதை மாற்றக் கேளுங்கள். பெரிய ரோலரின் உருளை ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலம். முக்கால் மீட்டர் பள்ளத்துக்குள் அது எப்படி இறங்கும்? ஒரு சக்கரம் பழைய சாலை மேலே, ஒரு சக்கரம் காற்றிலே. அழுத்தம் எல்லாம் பழைய சாலைதான் வாங்கும். புது மண் தூளாகவே இருக்கும். மேலே தார் போட்டு மூடியதும் அழகாகத்தான் தெரியும். முதல் மழையில், கரும்பு லாரி ஒன்று ஓரமாக ஒதுங்கியதும், பழசும் புதுசும் சேர்கிற இடத்தில் நூல் பிடித்த மாதிரி நீளமாக ஒரு விரிசல் வரும். அதற்குள் தண்ணீர் இறங்கினால் அடுத்த வருஷம் ஓரம் மொத்தமும் அரை அடி உட்கார்ந்துவிடும். இந்த மாவட்டத்துச் சாலைகளில் ஓரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே போங்கள், அந்தக் கோட்டைப் பல இடத்தில் பார்ப்பீர்கள்.

உங்களுக்கு ஒரு பக்கம் புறம்போக்கு சும்மா இருக்கிறது, மறுபக்கம் புளியமரம். முழு ஒன்றரை மீட்டரையும் புறம்போக்குப் பக்கமே அகலப்படுத்திவிட்டால், மண் ஓரத்துக்கான அகலமும் சேர்ந்து ரோலர் இறங்க இடம் கிடைக்கும். மரத்தையும் தொட வேண்டாம். மரம் வெட்டுவதென்றால் கோட்டாட்சியர் அனுமதி, பசுமைக் குழு, வனத்துறை மதிப்பீடு, ஏலம், அதற்கு மேல் ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுவது என்று மாதக் கணக்கில் போகும். போதாததற்கு மாசி, பங்குனியில் புளி உலுக்குகிற காலம். மகசூலை ஏலம் எடுத்தவர் ஒருவர் இருப்பார், அவரும் வந்து நிற்பார். ஒரு பக்கமாக அகலப்படுத்தினால் ஒரு சங்கடம் உண்டு. சாலையின் நடுமுகடு முக்கால் மீட்டர் நகரும். அதைச் சரிசெய்யக் கூடுதலாகக் கலவை போகும். அந்த அளவை முதலிலேயே கணக்குப் போட்டு, மரத்துக்கான செலவும் காலமும் மிச்சமாவதையும் பக்கத்தில் எழுதி, கோட்டப் பொறியாளரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் அது 'மீறிய அளவு'.

பழைய சாலையின் விளிம்பு நொறுங்கிப் போயிருக்கும். கெட்டியான இடம் வரும் வரை செங்குத்தாக வெட்டி எடுத்து, படிப் படியாகப் புது அடுக்கைக் கோர்க்க வேண்டும். அடுக்குகளின் சேர்மானம் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே கோட்டில் வரக்கூடாது. மண் அடுக்கு 97 சதவீத இறுக்கம், அதன் மேல் ஜல்லி அடுக்குகள் 98 சதவீதம். இறுக்கத்தை அளக்கிற மணல் மாற்றுச் சோதனை செய்யும்போது குழியைச் சாலையின் நடுவில் போடச் சொல்லி ஆட்கள் இழுப்பார்கள். நீங்கள் பழைய விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குழி போடச் சொல்லுங்கள். வேலையின் தரம் அந்த ஒரு சாணில்தான் இருக்கிறது. தார்க் கலவைக்கு வெப்பமானி உங்கள் பையிலேயே இருக்கட்டும். வி.ஜி. 30 தார் என்றால் விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக்கூடாது, ரோலர் ஓட்டி முடிக்கும்போது 90-க்குக் குறையக்கூடாது. தார்ப்பாய் மூடாமல் வருகிற லாரியைத் திருப்பி அனுப்புங்கள். முதல் லாரியைத் திருப்பினால் போதும், அப்புறம் அவர்களாகவே மூடிக்கொண்டு வருவார்கள்.

தார் போடுவதற்கு முன் சிறுபாலங்கள். 2021 நவம்பரில் பாலாற்றிலும் கௌண்டின்ய மகாநதியிலும் தண்ணீர் வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய 600 மி.மீ. குழாயை இரண்டு பக்கமும் அப்படியே நீட்டிவிட்டால் மதிப்பீட்டுக்குச் சரியாக இருக்கும், தண்ணீருக்குச் சரியாக இருக்காது. அந்த வருஷம் தண்ணீர் எந்த உயரத்தில் சாலையைத் தாண்டியது என்று பக்கத்து வயல்காரரைக் கேளுங்கள். கேட்டதை எழுதி மேலே அனுப்பிப் பெரிதாக்க முடியுமா பாருங்கள்.

கடைவீதிக் கால்வாயில் நம்மவர்கள் செய்கிற தப்பு ஒன்றுதான்: கால்வாய் எங்கே முடிகிறது என்று முடிவு செய்யாமல் எங்கே தொடங்குகிறது என்று முடிவு செய்வது. கடைசியில் அது ஒரு வீட்டுச் சுவரில் முட்டி நிற்கும், அல்லது ஏரிக்குள் சாக்கடையை இறக்கும். ஏரிக்காரர்கள் விட மாட்டார்கள், விடவும் கூடாது. தண்ணீர் விழுகிற கோடியிலிருந்து மேலே வாருங்கள். ஒவ்வொரு வாசற்படிக்கும் மட்டம் எடுத்து, முடியப் போகிற சாலையின் மட்டத்தைச் சுவரில் ஒரு சிவப்புக் கோடாகப் போட்டுக் காட்டிவிடுங்கள். வாசற்படிக்கு மேலே கோடு வந்தால் அன்றைக்கே சண்டை வரும். வரட்டும், அன்றைக்கு வந்தால் மட்டத்தைக் குறைக்க வழி இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலர் அறிவுறுத்தியிருக்கிறார். ஆகவே கடைவீதியில் சுரண்டாமல் மேலே மேலே ஏற்றுவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கால்வாயை 20 மீட்டர், 20 மீட்டராக எடுத்து, மூடி போட்ட பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள். வாசலுக்கு வாசல் பலகை போட்டுக் கொடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெண்டர், ஒப்புதல் எல்லாம் 1998-ம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி முடிந்துதான் வேலை உங்கள் கைக்கு வந்திருக்கிறது, அதில் உங்களுக்கு வேலையில்லை. உங்கள் தலை இருப்பது, நடந்த வேலையை அளந்து எழுதுகிற அளவுப் புத்தகத்தில். மண்ணுக்குள் மறைந்துபோகிற எதையும் மூடுவதற்கு முன்னால் அளந்து, கான்ட்ராக்டரின் ஆளிடமும் கையெழுத்து வாங்குங்கள். இப்போது மூடப் போகிறீர்களே, அந்தப் பள்ளத்தையும் அளந்துவிட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் பிறகு கான்ட்ராக்டரின் பில்லில் அது ஐந்து அடி ஆழமாகிவிடும். தடைப் பதிவேடு ஒன்று திறந்து, எந்தக் கம்பத்தால் எந்தத் தேதியிலிருந்து எந்த மீட்டரில் வேலை நின்றது என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். கால நீட்டிப்பா, அபராதமா என்று வருகிறபோது அதைத்தான் புரட்டுவார்கள். தணிக்கைக்காரர்கள் நாலு வருஷம் கழித்து வருவார்கள். அப்போது நீங்கள் வேறு கோட்டத்தில் இருப்பீர்கள், கான்ட்ராக்டர் வேறு பெயரில் இருப்பார்.

மேலிடத்துப் பர்சென்ட் கேள்விக்கு நான் கடைசிப் பத்து வருஷம் ஒரு வழி வைத்திருந்தேன். கேட்ட பர்சென்ட்டைச் சொல்லிவிட்டுக் கூடவே இரண்டு எண் சொல்வேன்: இன்றைக்குத் திறந்து கிடப்பது எத்தனை மீட்டர், முழுதாக மூடி மக்களுக்கு விட்டது எத்தனை மீட்டர். முதலில் எரிச்சல்பட்டார்கள். நாளடைவில் அவர்களே அந்த எண்ணைக் கேட்க ஆரம்பித்தார்கள், ஏனென்றால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் கேட்பது அதைத்தான்.

வியாபாரிகளிடம் எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெசவுத் தெரு ஒன்றில் எனக்குப் பாடம் கிடைத்தது. காலையில் தெருவில் பாவு, அதாவது தறிக்கான நீள நூல், நீட்டிக் கஞ்சி போடுகிறார்கள். எங்கள் லாரிகள் அதே நேரம் ஜல்லி கொட்டிக்கொண்டு போகின்றன. ஈரப் பாவில் புழுதி ஒட்டினால் அந்த நூல் போச்சு. நான்கு நாள் கத்திப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் பாவுக் கட்டைகளைச் சாலைக்குக் குறுக்கே வைத்துவிட்டார்கள். கடைசியில் அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? காலை பத்து மணி வரை லாரி வேண்டாம், மத்தியானத்துக்கு மேல் ஒரு டேங்கர் தண்ணீர் தெளியுங்கள், அவ்வளவுதான். சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் உங்கள் கடைவீதியில் சங்கக் கூட்டத்துக்குப் போவதற்கு முன் தனித்தனியாக ஐந்தாறு கடைகளில் ஏறி, எந்த நாள் சந்தை, எந்த நேரம் சரக்கு வருகிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள். கூட்டத்தில் மொத்தத் தேதியைச் சொல்லாதீர்கள், யாரும் நம்ப மாட்டார்கள். இந்த வாரம் இந்தக் கடையிலிருந்து இந்தக் கடை வரை என்று மட்டும் சொல்லி, அதைச் செய்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி போங்கள். அளவு, சோதனைப் பதிவேடு எதையாவது யாராவது பார்க்கக் கேட்டால் காட்டுங்கள். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வேலையைப் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டு முப்பது நாள் கழித்துப் பார்க்கப் போவதை இன்றைக்கே பார்த்துவிட்டுப் போகட்டும்.

பள்ளத்தை மூடியதும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து.